வெறும் வயிற்றில் மருந்து: அறுவைச் சிகிச்சைக்குப் பின் குடல் நின்றுபோன ஒரு கினிப்பன்றி

பின்னணி

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் குடியிருக்கும் குடும்பம் அது. அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். பகல் முழுக்க வீட்டில் இருப்பவர் அம்மம்மா. இந்தக் கடைசி விவரம் பின்னால் முக்கியமாகப் போவது அப்போது யாருக்கும் தெரியாது. குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். நான் அவர்கள் வந்த மிருக வைத்திய நிலையத்தில் உதவியாளராக வேலை செய்கிறேன்.

வீட்டில் இரண்டு பெண் கினிப்பன்றிகள். மூத்ததற்கு மூன்று வயது. அதன் இரண்டு விலாப் பக்கமும் ஒரே அளவாக முடி உதிரத் தொடங்கியது. பிறகு வயிறு பக்கவாட்டில் பெருத்தது. கூட இருக்கும் சின்னதை விரட்டி விரட்டி ஏற முயன்றது. சினைப்பட்டிருக்கலாம் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். ஆண் இல்லாத கூட்டில் எப்படி என்று மகள் கேட்ட பிறகே எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

ஸ்கேனில் இரண்டு சூலகத்திலும் நீர்க்கட்டிகள் தெரிந்தன. வலப்பக்கக் கட்டி ஒரு எலுமிச்சம்பழ அளவு. வயதேறிய பெண் கினிப்பன்றிகளில் இது சர்வசாதாரணம். ஊசியால் நீரை உறிஞ்சலாம், ஆனால் திரும்பவும் சேரும். ஹோர்மோன் ஊசி சில வகைக் கட்டிகளுக்குத்தான் கேட்கும். வெறும் நீர் நிறைந்த கட்டிக்குப் பெரும்பாலும் கேட்காது. கட்டி குடலை அழுத்தும் அளவுக்கு வந்துவிட்டதால் சூலகங்களையும் கருப்பையையும் எடுத்துவிடுவது என்று வைத்தியர் முடிவு செய்தார். வீட்டாரும் சம்மதித்தார்கள்.

அறுவைச் சிகிச்சை நாள்

அறுவை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது. கொண்டுவரும்போது நிறை 1040 கிராம். மயக்க மருந்து வாயுவாக, முகமூடி வழியாகக் கொடுக்கப்பட்டது. இரத்தப்போக்கு அதிகமில்லை, தையல் சுத்தம், எழும்பவும் அதிக நேரம் எடுக்கவில்லை. வலிக்கு மெலொக்சிகாம் ஊசி போடப்பட்டது. பின்னேரம் கொத்தமல்லி இலை இரண்டு மூன்றைக் கடித்துத் தின்றது. எங்கள் பின்னறையில் நாய்கள் இரவெல்லாம் குரைக்கும் என்பதால் அன்றே வீட்டுக்கு அனுப்பினோம். அந்த முடிவில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. பயந்து ஒடுங்கிய கினிப்பன்றி எவ்வளவு நல்ல கூட்டில் இருந்தாலும் தின்னாது.

கொடுத்தனுப்பிய மருந்து மெலொக்சிகாம் திரவம், புதன் பின்னேரத்திலிருந்து நாளுக்கு ஒரு தடவை. அறிவுறுத்தல்களை வைத்தியர் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து அம்மாவிடம் சொன்னார். அவருக்கு இரண்டும் நன்றாகப் புரியும். மருந்தைப் போட்ட காகித உறை, மனிதருக்கான பாமசிகளில் பாவிக்கும் அதே உறை. ‘உணவுக்கு முன்’, ‘உணவுக்குப் பின்’ என்று அச்சடித்த இரண்டு கட்டங்களில் இரண்டாவதில் சரி அடையாளம் போட்டிருந்தது.

வீட்டில் கடந்த இரண்டரை நாட்கள்

வெள்ளிக்கிழமை காலையில் அவர்கள் திரும்பி வந்தபோது கேட்டுத் தெரிந்துகொண்டதை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலாவது, அறுவைக்கு முந்திய இரவு பத்து மணிக்கே கூட்டிலிருந்த புல்லையெல்லாம் எடுத்துவிட்டார்கள். ஒப்பரேஷன் என்றால் பட்டினி என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த விதி. மனிதருக்கு அது சரி. மயக்கத்தில் வாந்தி வந்தால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். கினிப்பன்றியால் வாந்தி எடுக்கவே முடியாது. அதன் குடல் ஓய்வில்லாமல் நார் உள்ளே வந்துகொண்டிருந்தால்தான் அசையும். பெருங்குடலின் தொடக்கத்தில் இருக்கும் பெரிய பையில் நுண்ணுயிர்கள் அந்த நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. வரத்து நின்றால் அசைவு குறையும், நுண்ணுயிர்ச் சமநிலை குலையும், வாயு சேரும், வாயுவால் வலி வரும், வலியால் மேலும் தின்னாது. ஆக, கத்தி படுவதற்கு முன்னாலேயே அந்த வயிறு பத்து மணித்தியாலத்துக்கு மேல் வெறுமையாக இருந்திருக்கிறது.

இரண்டாவது, மருந்து. புதன்கிழமை பின்னேரம் மகள் உறையில் இருந்ததை அம்மம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டியிருக்கிறாள்: உணவுக்குப் பின். ஆனால் கினிப்பன்றி அன்று பகல் முழுக்கச் சரியாகத் தின்னவில்லை. புல்லை வாயில் எடுக்கும், கொஞ்சம் மெல்லும், கீழே போட்டுவிடும். அம்மம்மா காத்திருந்தார். அது தின்னவில்லை. மருந்தும் கொடுக்கவில்லை. வியாழனும் அப்படியே போனது.

“வெறும் வயித்தில வலி மருந்து குடுத்தா வயிறு புண்ணாப் போகும் எண்டுதானே பிள்ளை சொல்லுறவை,” என்றார் என்னிடம். அவர் சொன்னதில் தவறு இல்லை. மூட்டு வலிக்குத் தான் விழுங்கும் குளிசையை அப்படித்தான் சாப்பிட்டுவிட்டு எடுக்கிறார். உறையும் அதையேதான் சொன்னது. தின்னாததற்குக் காரணம் வலி, வலிக்கு மருந்து கொடுக்காததற்குக் காரணம் தின்னாதது. இரண்டு நாள் இந்த வட்டத்திலேயே போனது.

மூன்றாவது, புழுக்கை. சின்னக் கினிப்பன்றி தனியே விட்டால் கீச்சிடுகிறது என்று இரண்டையும் ஒரே கூட்டில் விட்டிருந்தார்கள். தட்டில் புழுக்கை விழுந்துகொண்டே இருந்தது. ஆகவே பெரியதும் புழுக்கை போடுகிறது என்று நம்பினார்கள். விழுந்ததெல்லாம் சின்னதுடையது.

நிறையும் அவர்களை ஏமாற்றியது. மகள் கெட்டிக்காரி, சமையல் தராசில் ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்து நாள்தோறும் நிறுத்திருக்கிறாள். வியாழன் இரவு 885 கிராம். 1040 இலிருந்து 155 கிராம் குறைவு. கட்டியும் நீரும் போனால் நிறை குறையும் என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்ததால் அதில் யாரும் பதறவில்லை. அறுவை முடிந்தவுடன் நாங்கள் நிறுத்தபோது 955 கிராம். அந்த எண் எங்கள் கோப்பில்தான் இருந்தது, அவர்களிடம் இல்லை.

வியாழன் இரவு மகள் கவனித்த ஒன்றுதான் அவர்களை எங்களிடம் கொண்டுவந்தது. குளிர்சாதனப் பெட்டி திறக்கும் சத்தமோ சொப்பிங் பையின் சரசரப்போ கேட்டால் இரண்டும் சேர்ந்து கூப்பாடு போடுமாம். அன்று சின்னது மட்டும் கத்தியது. பெரியது மூலையில் முடியைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, தலையைக்கூடத் திருப்பவில்லை.

இடையில் கீழ்மாடிக்காரர் ஒருவர், தன் பிள்ளைக்கு வாங்கி மிச்சமிருந்த அமொக்சிசிலின் சிரப்பைக் காயத்துக்கு நல்லது என்று கொடுத்திருக்கிறார். அம்மா அதை வாங்கி வைத்துவிட்டுக் கொடுக்காமல் இருந்தது பெரும் புண்ணியம். பென்சிலின் வகை மருந்துகள் வாய் வழியே போனால் கினிப்பன்றியின் குடலில் இருக்க வேண்டிய நுண்ணுயிர்கள் செத்து, நஞ்சு சுரக்கும் குளொஸ்ரிடியம் என்ற கிருமி பெருகிவிடும். அதோடு உயிர் போவதும் உண்டு. கிளின்டமைசின், எரித்ரோமைசின் போன்றவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான்.

வெள்ளிக்கிழமை காலை: கண்டவை

ஓட்டோவில், துவாய் விரித்த காட்போட் பெட்டியில் கொண்டுவந்தார்கள். நிறை 872 கிராம். அறுவைக்குப் பிந்திய நிறையோடு ஒப்பிட்டால் மூன்று நாளில் ஏறத்தாழ ஒன்பது சதவீதம் போயிருக்கிறது. உடல் வெப்பம் 36.8 பாகை செல்சியஸ், 37.2க்குக் கீழே போகக்கூடாது. வீட்டில் இதற்கென்றே ஏசி போட்டிருந்தார்கள். நல்ல எண்ணம்தான். 30 பாகையைத் தாண்டும் கொழும்புப் பகல் வெக்கை சுகமாக இருக்கும் கினிப்பன்றிக்கே ஆகாது. ஆனால் தின்னாமல் கிடக்கும் மிருகத்தால் சொந்தச் சூட்டையே தக்கவைக்க முடியாது. அதற்கு ஏசி அறை எதிரி.

தையல் அருமையாக ஆறியிருந்தது. சிவப்பில்லை, வீக்கமில்லை. வயிற்றில் விரல் வைத்தால் இறுக்கிக் கட்டிய மேளம் மாதிரி இருந்தது. மெல்லத் தட்டினால் உள்ளே வாயு முழங்கியது. ஸ்டெதஸ்கோப்பை நீண்ட நேரம் வைத்துக் கேட்டும் குடல் ஓசை அரிதாக ஒன்றுதான். பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது, இது வலியின் அடையாளம். தனிப் பெட்டியில் விட்ட பிறகு போட்ட புழுக்கை மூன்றே மூன்று: கறுத்து, காய்ந்து, ஒரு முனை கூராக, வழக்கமான அளவில் பாதிகூட இல்லை. சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டியில், கொழுப்புக் கரையும்போது உண்டாகும் கீற்றோன் தெரிந்தது. வழக்கமாகக் காரமாக இருக்கும் சிறுநீர் அமிலப் பக்கம் சாய்ந்திருந்தது. உடல் தன் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இதை இன்னும் இரண்டு நாள் விட்டால் ஈரலில் கொழுப்பு படிந்து, அப்புறம் எந்த உணவும் உதவாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அம்மாவின் முதல் கேள்வி, “இப்பவே பலவந்தமா ஊட்டலாமா டொக்டர்?” என்பதுதான். வைத்தியர் மறுத்தார். முதலில் எக்ஸ்ரே. கினிப்பன்றியின் இரைப்பை சில சமயம் முறுக்கிக்கொண்டு பலூனாக ஊதும். குடலில் அடைப்பும் இருக்கலாம். அந்த நிலையில் ஊட்டுவது கொல்வதற்குச் சமம். குடலைத் தூண்டும் மருந்தும் ஆபத்து. படத்தில் இரைப்பை தன் இடத்திலேயே, அளவாகவே இருந்தது. வாயு குடல் நெடுகிலும், கூடுதலாகப் பெருங்குடல் பையிலும் பரவியிருந்தது. அடைப்பில்லை, குடல் அசையவில்லை, அவ்வளவுதான்.

பிறகு வரிசை: சூடு, நீர், வலி, கடைசியாக உணவு. சுடுநீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தோம், வேண்டாமென்றால் விலகிப் போக மறுபக்கம் காலியாக. உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிய ஹார்ட்மன் கரைசலை (உப்புகள் கலந்த நீர்)த் தோலுக்கடியில் ஏற்றினோம். வலிக்கு முதலில் டிரமடோல் ஊசி. மெலொக்சிகாமை நீர்ச்சத்து ஏறும்வரை தள்ளிப்போட்டார் வைத்தியர். உடல் வறண்டிருக்கும்போது அது சிறுநீரகத்தைத் தாக்கும். அம்மம்மாவின் பயத்தில் ஒரு துளி உண்மை இருந்தது இங்கேதான். காத்திருக்க வேண்டியது நீருக்கு, சாப்பாட்டுக்கு இல்லை.

டிரமடோல் போன்ற மருந்துகள் குடலை இன்னும் மந்தமாக்கும் என்று தயங்குவோரும் உண்டு. இந்த மிருகத்தில் குடலை நிறுத்தியது வலிதான் என்பது வைத்தியரின் கணிப்பு. குடலைத் தூண்டும் மெட்டோகுளோப்ரமைட்டும் வாயுவுக்கு சிமெத்திகோனும் சேர்த்துக் கொடுத்தார். இந்த இரண்டும் எவ்வளவு வேலை செய்தன என்று என்னால் சொல்ல முடியாது. வலி மருந்து ஏறி ஒரு மணித்தியாலத்துக்குள் பல் கடிப்பது நின்றதைக் கண்ணால் கண்டேன்.

ஒரு முடிவு கொஞ்சம் வாக்குவாதத்துக்குப் பிறகு வந்தது. அன்றிரவு இங்கே வைத்துக்கொள்வதா, அனுப்புவதா? நாய்கள் இல்லாத ஸ்டோர் அறையைக் காலி செய்து, சின்னக் கினிப்பன்றியையும் வரவழைத்து, நடுவில் கம்பி வலை போட்டு இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். ஒன்று தின்னும் சத்தம் மற்றதுக்குப் பசியைக் கிளப்பும். புழுக்கைகளும் கலக்காது.

ஊட்டியது எப்படி

நோயாளி மிருகங்களுக்கான இறக்குமதி உணவுத்தூள் அன்று எங்களிடம் இல்லை, விசாரித்த கடைகளிலும் இல்லை. கொழும்பில் இது அடிக்கடி நடக்கும். வழக்கமாகத் தின்னும் பெலட் தீனியைக் கிரைண்டரில் அரைத்து வெந்நீரில் ஊறவைத்தோம். எவ்வளவு அரைத்தாலும் நார்த் துகள் சிரிஞ்சின் முனையில் போய் அடைத்துக்கொள்ளும். பின்னேரம் பார்க்க வந்த அம்மம்மா இதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மகளை வீட்டுக்கு அனுப்பி, மா அரிக்கும் அரிதட்டை எடுத்துவரச் சொன்னார். அரித்த தூளைக் கரைத்தபோது ஒரு தடவைகூட அடைக்கவில்லை. இப்போது எங்கள் நிலையத்திலும் ஓர் அரிதட்டு இருக்கிறது.

1 மில்லிலீட்டர் சிரிஞ்சின் முனையை வெட்டி, விளிம்பை உரசி மழுக்கிக்கொண்டோம். மிருகத்தை மல்லாத்தக் கூடாது. துவாயில் சுற்றி, நாலு காலும் கீழே இருக்க, பின்பக்கம் நம் வயிற்றில் முட்டும்படி வைக்க வேண்டும். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு, சிரிஞ்சு பக்கவாட்டில் அதன் வழியே போக வேண்டும். ஒரு தடவைக்கு அரை மில்லிலீட்டருக்கு மேல் வேண்டாம். மென்று விழுங்கும்வரை பொறுத்துத்தான் அடுத்தது. அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். முதல் தடவை 5 மில்லிலீட்டர்தான் கொடுத்தோம், அதற்கே நெடுநேரம் பிடித்தது.

நாளுக்குக் கிலோவுக்கு 50 முதல் 80 மில்லிலீட்டர் என்பது பொதுக் கணக்கு. இந்த நிறைக்கு 55 அளவில் நிறுத்தி, ஆறு வேளையாகப் பிரித்தோம். கூடவே விற்றமின் சி, நாளுக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம், குளிசையைப் பொடித்துக் கூழில் கலந்தது. நம்மைப் போலவே கினிப்பன்றிக்கும் அதை உடலில் உண்டாக்க முடியாது. குடிக்கும் நீரில் கலந்து வைத்தால் சத்து அழிந்துவிடும்.

திரும்பிய விதம்

சனி விடியப்புறம் பெட்டியில் புழுக்கை கிடந்தது. சிறியவை, ஆனால் ஈரம் இருந்தது. மத்தியானம் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சின்னது கினிப்புல்லை இழுத்துக் கடிக்க, பெரியதும் இந்தப் பக்கத்திலிருந்து அதே புல்லின் நுனியைப் பிடித்து இழுத்தது. வாயில் வைத்துக் கீழே போடவில்லை, முழுத் தாளும் உள்ளே போனது. அதிலிருந்து வயிற்றின் இறுக்கம் படிப்படியாகக் குறைந்தது.

ஞாயிறு வீட்டுக்குப் போனார்கள். இந்தத் தடவை மருந்து கொடுப்பதையும் ஊட்டுவதையும் அம்மம்மாவே எங்கள் முன்னால் செய்து காட்டினார். உறையில் நான் தமிழில் பெரிய எழுத்தில் எழுதினேன்: ‘தின்றாலும் தின்னாவிட்டாலும் கொடுக்கவும். தின்னாவிட்டால் உடனே தொலைபேசியில் சொல்லவும்.’ அவர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் கைப்பையில் வைத்தார்.

ஊட்டுவதை எப்போது நிறுத்துவது என்று மகள் கேட்டாள். தானாகத் தின்னத் தொடங்கியவுடன் நிறுத்தக் கூடாது. வேளையைக் குறைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து நிறை இறங்காமல் நின்றால் இன்னொரு வேளையைக் குறைக்கலாம். அவள் கொப்பியில் எழுதி அப்படியே செய்தாள். இடையில் ஒருநாள் நிறை 14 கிராம் இறங்கியது, மீண்டும் ஒரு வேளை கூட்டினார்கள். ஒரு மாத முடிவில் 985 கிராம். விலாவில் பூனைமயிர் போல முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. தின்னாமல் கிடந்தால் கடைவாய்ப் பற்கள் தேயாமல் வளர்ந்து நாக்கை மூடும் என்பதால் அதையும் பார்த்தோம், பழுதில்லை.

புல் பற்றியும் ஒரு மாற்றம். அப்பா வேலை முடிந்து வரும்போது கால்வாய்க் கரையிலும் ரயில் பாதை ஓரத்திலும் கினிப்புல் வெட்டி வருவார். நாய், எலி, பூச்சிமருந்து எல்லாம் புழங்கும் இடம். இப்போது பிலியந்தலைப் பக்கம் உறவினர் வளவிலிருந்து கிழமைக்கு ஒரு கட்டு வருகிறது. திமோதி என்ற உலர்புல் நல்லதுதான், ஆனால் விலை கூட, கிடைக்காத மாதமும் உண்டு. சுத்தமான கினிப்புல் கைக்கு எட்டும் ஊரில் அதை நினைத்து ஏங்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

எங்கள் நிலையத்தில் மாறியவை

முன், பின் கட்டங்கள் போட்ட உறையைக் கினிப்பன்றி, முயலுக்குப் பாவிப்பதை நிறுத்திவிட்டோம். அறுவை முடிந்து வெளியேறும் நேரத்து நிறையைத் துண்டில் எழுதிக் கொடுக்கிறோம். அதிலிருந்து எத்தனை கிராம் குறைந்தால் திரும்பி வரவேண்டும் என்பதும் பக்கத்திலேயே இருக்கும். முந்திய இரவு பட்டினி வேண்டாம் என்பதை நாள் குறிக்கும்போதே சொல்கிறோம். ‘வீட்டில் மருந்து கொடுக்கப்போவது யார்?’ என்று கேட்டு, முடிந்தால் அவரையே வரச் சொல்கிறோம், இல்லாவிட்டால் அவருடைய மொழியில் தொலைபேசியில் பேசுகிறோம். 24 மணித்தியாலத்துக்குள் நாங்களே அழைத்து, முதலில் புழுக்கையைப் பற்றிக் கேட்கிறோம். ‘சாப்பிடுகிறதா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள்.

ஸ்கேன் செய்ததில் சின்னக் கினிப்பன்றிக்கும் ஒரு பக்கச் சூலகத்தில் சிறு கட்டி இருப்பது தெரிந்தது. இப்போதைக்கு அறுவை வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்போம் என்பது வைத்தியரின் முடிவு. அம்மம்மா இப்போதே செய்துவிட்டால் என்ன என்கிறார். அது இன்னும் பேச்சில் இருக்கிறது.